'என்னிலும் பார்க்க' என்பதை ஆங்கிலத்திற் சொல்லும் வகை



"என் தம்பி என்னிலும் பார்க்க முந்தி எழும்புவான்" என்று வீட்டில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதனையே ஆங்கிலத்திற் சொல்லப் புகுந்தால் நாத் தடுமாறுகிறது. சொற்பஞ்சம் அதற்குக் காரணமன்று. ஒப்பீட்டின் சுமையை எந்தச் சொல்லின்மேல் ஏற்றுவது என்பதில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன.

தமிழில் 'முந்தி' என்ற சொல் மாறுவதேயில்லை. ஒப்பிடப்படும் பெயரே உருபு ஏற்கிறது: என்னிலும், என்னை விட, என்னைக் காட்டிலும். பால் இனிது, தேன் பாலினும் இனிது. 'இனிது' ஈரிடத்தும் ஒன்றே. ஆங்கிலத்திலோ பண்பையோ வினையின் தன்மையையோ உணர்த்தும் சொல்லே உருமாறுகிறது. 'ஏர்லி' என்பது 'ஏர்லியர்' ஆகும். அதன் பின்னரே 'தன்' என ஒலிக்கும் சிறு இடைச்சொல்லும் ஒப்பிடப்படும் பெயரும் வரும். "மை பிரதர் கெற்ஸ் அப் ஏர்லியர் தன் மீ." இலக்கணத்திற் கண்டிப்புடையோர் 'தன் ஐ' என்பதையே வேண்டுவர், பேச்சில் 'தன் மீ' பெருவழக்கு.

தமிழ்வழி நினைந்து 'ஏர்லி தன் மீ' என்போர் பலர். வேறு சிலர் மறுகரைக்கு ஓடி, 'மோர் ஏர்லியர்' என்று இரட்டிப்பர். இத்தகைய இரட்டிப்பு ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் உண்டு. ஆயினும் 1762இல் ரொபேட் லோத் வெளியிட்ட இலக்கண நூல் அதனைத் தகாதெனத் தள்ளிற்று. இன்றைய எழுத்து வழக்கிலும் அது பிழையே. ஷேக்ஸ்பியருக்குள்ள சலுகை வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோருக்கு இல்லை!

'ஃபாஸ்ற்', 'லேற்', 'சூன்' முதலிய குறுஞ்சொற்கள் 'அர்' என்னும் ஈற்றை ஏற்கும். மெதுவாக உண்பதைக் குறிக்கும் 'ஸ்லோலி', கவனமாக வீதி கடப்பதைக் குறிக்கும் 'கெயர்புலி' போன்று 'லி' என முடிவன 'மோர்' என்பதை முன்னே பெறும். 'ஏர்லி' இவ்விதிக்கு அடங்காது. 'வெல்' என்பதோ முற்றாக மாறி 'பெற்றர்' ஆகிவிடும்.

இவற்றுள் மிகுந்த இடர் தருவது 'ஹார்ட்' என்ற சொல். கடினமாக உழைத்தலை அதே வடிவிற் சொல்லவேண்டும், ஒப்பிடுகையில் 'ஹார்டர்'. 'லி' சேர்த்தால் அழகுபெறும் எனக் கருதி 'ஹார்ட்லி' என்றால், பொருள் தலைகீழாகும். "ஐ ஹார்ட்லி வேர்க்" என்பதற்கு, நான் வேலை செய்வதே அரிது என்று பொருள். நேர்முகப் பரீட்சையில் தன் உழைப்பைச் சொல்ல வந்த இளைஞன், தன் சோம்பலுக்குத் தானே சாட்சி கூறியவனாவான். கேட்போர் நகைப்பர், வேலையும் வேறொருவருக்குப் போகலாம்.

இன்னொன்று. "ஐ ஹெல்ப் மை மதர் மோர் தன் மை பிரதர்" என்ற வாக்கியம் இரு பொருள்படும். தம்பி தாய்க்கு உதவுவதிலும் பார்க்க நான் மிகுதியாக உதவுகிறேன் என்பது ஒன்று. தம்பிக்கு நான் உதவுவதிலும் பார்க்கத் தாய்க்கே மிகுதியாக உதவுகிறேன் என்பது மற்றொன்று. தமிழில் உருபு வந்து ஐயத்தை அறுத்துவிடும். ஆங்கிலத்தில் முதற்பொருள் வேண்டின், இறுதியில் 'டஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாற் போதும்.

'மிகவும் முந்தி' என்பதை நினைந்து 'வெரி ஏர்லியர்' என்பாரும் உளர். ஒப்பீட்டுச் சொல்லின் முன் 'வெரி' நில்லாது. அவ்விடத்திற்கு உரியது 'மச்'. நேற்றிலும் மிக முந்தி உறங்கச் சென்றவர், 'மச் ஏர்லியர் தன் யெஸ்ரர்டே' என்றே சொல்லவேண்டும்.