அம்மா, அண்ணாச்சி, ஒரு கேமரா!

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நாலாம் நாள் திரும்பினார். கேட்டுக்குப் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. கதவுக்குப் போட்ட பூட்டும் பூட்டியபடியேதான் இருந்தது... ஆனால் நாதாங்கியோடு சேர்ந்து தரையில் கிடந்தது!

எட்டு பவுன், ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு, பீரோவில் இருந்த ரொக்கம், எல்லாம் போச்சு. வந்தவர்கள் ஃபிரிட்ஜில் இருந்த பாலைக் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்துவிட்டு, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். தெருவே இதைப் பேசி மாய்ந்தது. என் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "பாத்தீங்களா... திருடன்கூட டம்ளரைக் கழுவி வைக்கிறான்!" என்றாள்.

சிரித்தேனே தவிர, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வீடு திருமுல்லைவாயலில். நான் பி.காம். படித்த பாவத்துக்கு, பத்திரிகைகளுக்கு எழுதியதுபோக மீதி நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறவன். மனைவிக்கு வேலை பூந்தமல்லியில். காலை எட்டரைக்கு நாங்கள் கிளம்பினால், சாயங்காலம் ஏழு வரைக்கும் வீட்டில் அம்மா மட்டும்தான். வயசு அறுபத்தெட்டு. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கேமரா வைப்பது என்று முடிவெடுத்தேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது புதுசு இல்லை. ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான வருஷங்களில், 'மூன்றாவது கண்' என்று தெருத் தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லிப் பிரசாரமே நடந்தது. அப்போது நாங்களும் சென்னை போலீஸில் அடக்கம். 2022 ஜனவரி 1-ம் தேதி ஆவடிக்குத் தனி கமிஷனரேட் வந்து, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. கமிஷனரேட் மாறினாலும் எங்கள் தெரு மாறவில்லை. தெருமுனையில் ஒரே ஒரு கேமரா. அதுவும் வேப்பமரக் கிளையைத்தான் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தது!

ஒரு கடையில் விசாரித்தேன். நாலு கேமரா, ஹார்ட் டிஸ்க், கேபிள், ஆள் கூலி என்று இருபத்தைந்தாயிரத்துக்குக் கொட்டேஷன் நீட்டினார்கள். எட்டு பவுனே இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று, வயர்லெஸ் கேமரா இரண்டை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஹாலுக்கு ஒன்று 1,800. வாசலுக்கு, மழை தாங்குகிற மாடல் 2,700. இரண்டுக்கும் 64 ஜி.பி. மெமரி கார்டு, தலா 600. மொத்தம் 5,700 ரூபாய். பட்ஜெட் 6,000. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் ஆவடி வண்டி ஏறினேன்.

அந்தச் சந்தோஷம் எலக்ட்ரீஷியன் வரும்வரைதான்.

"ப்ளக் பாயிண்ட் எங்க சார்?"

"வயர்லெஸ்தானே தம்பி?"

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "படம் போறதுக்குத்தான் சார் வயர் வேணாம். கரண்ட் காத்துலயா வரும்?"

வாசல் சன்ஷேடுக்குக் கீழே பைப் அடித்து, ஒயர் இழுத்து, டப்பா வைத்து... கூலி 850. சாமான் 350. அவர் போகும்போது இன்னொரு குண்டையும் போட்டார். "கரண்ட் போச்சுன்னா வைஃபையும் போயிடும் சார். மோடத்துக்கு ஒரு குட்டி யூ.பி.எஸ். போட்டுடுங்க." அது 1,300. ஆக மொத்தம் 8,200. கரண்ட் போனால் மோடம் மட்டும் உயிரோடு இருந்து பிரயோஜனம் என்ன, கேமராவும் அல்லவா அணைந்துபோகும் என்பது எனக்கு உறைத்தது மறுநாள். ஹால் கேமரா ஐந்து வோல்ட்டில் ஓடுவது. அதை ஒரு பவர் பேங்கில் மாட்டிச் சமாளித்தேன். வாசல் கேமராவுக்கு இன்றைக்கும் கரண்ட் இருந்தால்தான் கண்!

கேமராவை வைஃபையோடு சேர்க்க இரண்டு மணி நேரம் ஆனது. செல்போனில் தெரியும் கட்டம் போட்ட படத்தைக் கேமரா முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். காட்டினேன். கிட்டே காட்டினேன், தள்ளிக் காட்டினேன், திருஷ்டி சுற்றுகிற மாதிரிகூடக் காட்டினேன். கேமரா அசைந்து கொடுக்கவில்லை. விஷயம் இதுதான்: இந்த விலையில் வருகிற கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசும். என் போன் 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தது. மோடம் செட்டிங்கில் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்து, போனையும் 2.4-க்கு மாற்றியதும் 'டிங்' என்று பேசிவிட்டது. ஒரு விதத்தில் 2.4 நல்லதுதான். வேகம் குறைச்சல், ஆனால் சுவர் தாண்டிப் போவதில் 5-ஐவிடக் கெட்டி. அப்படியும் வாசல் படம் திக்கித் திக்கி வந்தது. காரணம், மோடம் பெட்ரூம் பரண் மேல். கீழே இறக்கி ஹால் ஜன்னலோரம் வைத்ததும் சரியானது.

கார்டு விஷயத்தில் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்தது. என் கேமரா விநாடிக்குச் சுமார் ஒன்றரை மெகாபிட் எழுதுகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கி எட்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 16 ஜி.பி.! 64 ஜி.பி. கார்டு நாலு நாள்கூடத் தாங்காது. பழசை அழித்துப் புதுசு எழுத ஆரம்பித்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் வந்தால், முதல் நாள் வந்த திருடன் நிரபராதி! ஊருக்குக் கிளம்பும்போது மட்டும், அசைவு இருந்தால் பதிவு செய் என்று மாற்றிக்கொள்கிறேன். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பூட்டின வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் காசும் கிடையாது, வைஃபையும் வேண்டாம்.

முதல் வாரம் ஆபீஸில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'அசைவு கண்டுபிடிக்கப்பட்டது!' பார்த்தால் பூனை. 'அசைவு!' காக்கா. 'அசைவு!' முருங்கைமர நிழல். ராத்திரியில் சிலந்தி வேறு. கேமராவுக்குள் இருக்கிற அகச்சிவப்பு விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லென்ஸுக்கு முன்னால் சிலந்தி நூல் கட்டினால், அந்த வெளிச்சத்தில் அது தாம்புக்கயிறு மாதிரி பளபளக்கும். வாரம் ஒரு தடவை ஒட்டடை அடிக்கிறேன். ஆளைக் கண்டால் மட்டும் கூப்பிடு என்று செட்டிங்கை மாற்றிய பிறகுதான் மேனேஜர் என்னை மறுபடி மனிதனாகப் பார்த்தார்.

இனி, ஹால் கேமரா.

மத்தியான இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டே ஹாலைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அம்மா டி.வி. பார்க்கிறாள், வெங்காயம் உரிக்கிறாள், தூங்குகிறாள். நிம்மதி. ஒருநாள் அம்மா ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. கேமராவில் பேசுகிற வசதியும் இருக்கிறதே... "அம்மா, இறங்கு!" என்று கத்தினேன். யாருமில்லாத வீட்டில் தலைக்கு மேலிருந்து மகன் குரல்! ஸ்டூல் ஆடியது. அம்மா எப்படியோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விழுந்திருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்று சாயங்காலம் அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. மறுநாள் ஆபீஸிலிருந்து பார்த்தேன். படம் முழுக்கப் பச்சைக் கட்டம். அப்பாவின் பழைய துண்டைக் கேமரா மேல் போட்டிருந்தாள்.

"ஏம்மா, உன் பாதுகாப்புக்குத்தானே..."

"எனக்குப் பாதுகாப்பா, உனக்கு வேடிக்கையா? நாப்பது வருஷமா இந்த வீட்ல நான் புடவை முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டா உக்காந்தேன்? எப்பப் பாரு யாரோ மேலருந்து பாக்கற மாதிரியே இருக்குடா. உங்க அப்பாவே என்னை இப்படி வேவு பாத்ததில்ல."

பதில் சொல்ல முடியவில்லை. கணக்கில் நான் இந்தத் தலைப்பை எழுதவே இல்லை.

இந்த வீட்டுக் கேமராவுக்கு முன்னோடி ஒரு பெண்மணி, தெரியுமோ? நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். ராத்திரியில் தனியாக இருக்க வேண்டிய வேலை நேரம். போலீஸைக் கூப்பிட்டால் சீக்கிரம் வரமாட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து, கதவில் மேலும் கீழுமாக நாலு துவாரம் போட்டு, அதன் வழியே வெளியே பார்க்கும் கேமராவையும், படுக்கையறையில் டி.வி.யையும், படுத்தபடியே கதவைத் திறக்கும் பட்டனையும் வடிவமைத்தார். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை கிடைத்தது. கவனித்தீர்களா? அந்தம்மா கேமராவை வெளியே பார்த்து வைத்தார். திரையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். நான் கேமராவை அம்மா பக்கம் திருப்பிவிட்டுத் திரையை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்!

அன்றே ஹால் கேமராவைக் கழற்றிப் பின்பக்கக் கொல்லைக் கதவைப் பார்த்து, உள்ளே கூரையடியில் மாட்டினேன். வாசல் கேமராவை அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். இப்போது கேட்டில் யார் தட்டினாலும் எழுந்திருக்காமலே பார்த்து, "கூரியர்னா திண்ணைல வச்சிட்டுப் போப்பா!" என்று குரல் கொடுக்கிறாள். வந்தவன் மிரளுகிறான். அம்மாவுக்கு ஒரே குஷி.

பாஸ்வேர்டையும் அப்போதுதான் மாற்றினேன். சோம்பேறித்தனமாக இருந்தால் 2016-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 'மிராய்' என்றொரு வைரஸ், கம்பெனியில் போட்டு அனுப்பிய 'அட்மின்', '12345' மாதிரி பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேல் மனப்பாடம் செய்துகொண்டு, உலகம் பூரா இருந்த வீட்டுக் கேமராக்களைக் கைப்பற்றியது. அக்டோபர் 21-ம் தேதி அந்தக் கேமராப் படை ஒரே நேரத்தில் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் படுத்துவிட்டன. வீட்டைக் காக்க வாங்கியது, வீட்டுக்காரருக்கே தெரியாமல் அடியாள் வேலை பார்த்திருக்கிறது! நம் மத்திய அரசும் 2024-ல் விதி போட்டு, 2025 ஏப்ரல் முதல் கேமராக்களைச் சோதனைச்சாலையில் தேறிய பிறகே விற்கவேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எதிர் வீட்டு அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீய. ஒங்க கேமரா எங்க வாசலையும்லா பாக்கு? விடியக்காலம் வீட்ல கோலம் போட வாராவ. சங்கடமா இருக்குங்காவ."

நியாயம்தானே? அவர் வீட்டு வாசலை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கிற வசதி கேமராவில் உண்டு. உடனே மறைத்து, போனில் காட்டினேன். அண்ணாச்சி கால் கிலோ கடலைமிட்டாய் அனுப்பிவைத்தார்.

மூன்றே வாரம். விடிகாலை நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணாச்சி. முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, வண்டியக் காணோம். கேமராவுல பாருங்க. இன்னும் பதினாலு தவணை பாக்கி."

வண்டி நின்ற இடம்... அதே கறுப்புக் கட்டம்! கட்டத்தின் ஓரத்தில் இருந்து ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளிப்படுகிறான். பின்னால் இன்னொருவன் தன் வண்டியில் வந்து காலால் உந்துகிறான். இருவரும் சி.டி.எச். ரோடு பக்கம் திரும்புகிறார்கள். அவ்வளவுதான். மூஞ்சி? ஒரு மங்கல் வட்டம்.

ஏன் என்று பிறகு கணக்குப் போட்டேன். படத்தின் அகலம் 1,920 புள்ளி. என் கேமரா சுமார் 100 டிகிரி பார்க்கிறது. எதிர் வாசல் பத்து மீட்டர். அந்தத் தூரத்தில் படத்தில் அடங்குவது கிட்டத்தட்ட 24 மீட்டர் அகலம். அதாவது மீட்டருக்கு எண்பது புள்ளி. ஒரு முகத்துக்குப் பதின்மூன்று! பைக்கின் பின்பக்க நம்பர் பிளேட் இருபது சென்டிமீட்டர், அதற்குப் பதினாறு. அதில் டி.என்.12-ஆ, 13-ஆ என்று எந்த மகான் படிக்க முடியும்? அகலமாகப் பார்க்கிற கேமரா கேட் வரைக்கும்தான் ஆளைக் காட்டும். அதற்கு அப்பால் 'யாரோ' என்று காட்டும்.

ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு படத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "அண்ணாச்சி, நாலரைக்கே வண்டி இல்லைன்னீங்க. இதுல மணி அஞ்சு பதினேழுன்னு போட்டிருக்கு? காணாமப் போன வண்டியையா மறுபடி திருடினான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேமராக் கடிகாரம் சீன நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கழித்தால் 2.47. ஏட்டு சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார். "நேரமும் திசையும் கிடைச்சாப் போதும் சார். அடுத்தடுத்த கேமராவை அந்த நேரத்துக்குப் பாத்துக்கிட்டே போவோம்" என்று பென் டிரைவில் காப்பி வாங்கிப் போனார்.

பத்தொன்பதாம் நாள் வண்டி கிடைத்தது, பூந்தமல்லி பக்கம். பேட்டரி இல்லை, கண்ணாடி இல்லை. தவணை மட்டும் அப்படியே இருந்தது.

கறுப்புக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. அவர் வீட்டம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். இரண்டு நாள் எதிர் வீட்டில் ஒரே சத்தம். கடைசியில் அம்மாதான் பஞ்சாயத்து பண்ணினாள்: ராத்திரி பத்து மணிக்குக் கட்டத்தை எடுப்பது, விடிகாலை நாலரைக்குத் திரும்பப் போடுவது. விலை கூடின கேமராவில் இது தானாக நடக்குமோ என்னவோ, என்னுடையதில் நான்தான் எழுந்து போட வேண்டும்.

தினமும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். சில நாள் தூங்கிப்போவதும் உண்டு. அன்றைக்கெல்லாம் சரியாக ஐந்து மணிக்கு அம்மாவின் போன் கூப்பிடும். திறந்து பார்த்தால், எங்கள் கேட்டுக்கு வெளியே, ஆளை நன்றாகக் காட்டுகிற தூரத்தில், அண்ணாச்சி வீட்டம்மா கையில் விளக்குமாறோடு கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பார்.