ஒடித்தால் கேட்கும் ஓசை

பொழிச்சலூர்க்காரர்களுக்குச் சத்தம் புதிதல்ல. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஊர். தலைக்கு மேல் விமானம் இரைந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அதே காதுக்கு, தெருமுனையில் காரை ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்துப் பக்கம் கேட்கும் ஒரு சின்ன 'டக்' போதும், நிம்மதி போய்விடும். நேரே ஓட்டினால் சத்தமில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அன்றைக்கென்று பார்த்து வராது. கடைசியில் "ஷாக் அப்சார்பர் போயிருக்கும், மாத்திடலாம்" என்று முடிவாகும். பணம் போகும், சத்தம் போகாது.

திரும்பும்போது மட்டும் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இன்றைய சிறிய கார்களில் முன்சக்கரத்தைத் தாங்குவது ஸ்ட்ரட். சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்தத் தூண் சுழலும். அதற்காக அதன் தலையில் ரப்பர் மவுண்டும் பேரிங்கும் இருக்கின்றன. அடியில், சக்கரத்தை வண்டியின் உடலோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் நுனியில், பால் ஜாயின்ட். கிண்ணத்துக்குள் குண்டு, நம் இடுப்பு மூட்டு போல. எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் ஆக்சில், சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சீராகச் சுழல வேண்டும். அந்த வேலை சி.வி. ஜாயின்டுக்கு. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய்வதை மட்டுப்படுத்த ஸ்டெபிலைசர் பார், அதைச் சக்கரத்துப் பக்கம் பிணைக்க லிங்க் ராடு. நேரே போகும்போது இவற்றில் பாதிக்கு வேலை குறைவு. திருப்பத்தில்தான் எல்லாம் ஒன்றாக அசையும்.

இந்த அமைப்பு வந்த கதையிலேயே நோயின் காரணமும் இருக்கிறது. ஸ்ட்ரட்டை வடிவமைத்தவர் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1950இல் பிரிட்டனில் வந்த ஃபோர்டு கான்சல், அதைப் பரவலாக்கிய முதல் கார்களில் ஒன்று. சி.வி. ஜாயின்டில் ஆறு எஃகுக் குண்டுகளை உட்கார வைத்தவர் ஆல்ஃபிரட் ஜெப்பா, அது 1920களில். இரண்டும் சேர்ந்து நம் தெருவுக்குப் பெருவாரியாக வந்தது 1983இல் அறிமுகமான மாருதி 800 வழியாக. அதற்கு முன் தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு வகை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கெட்டிக்கார வண்டி. ஆனால் முன்சக்கர மூட்டுக்குத் தவறாமல் எண்ணெய் விட வேண்டும். அம்பாசடருக்கும் அவ்வப்போது கிரீஸ் அடிப்பார்கள். இன்றைய மூட்டுகளோ கிரீஸோடு ரப்பர் உறைக்குள் மூடியே வருகின்றன. பராமரிப்பு மிச்சம். ஆனால் இரும்பின் ஆயுள் அந்த ரப்பரின் கையில். ரப்பர் கிழிந்த பிறகுதான் இரும்பு பேச ஆரம்பிக்கும்.

அது பேசுவதைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். வண்டி நிற்கும்போது வருகிறதா, ஓடும்போதா? எந்தப் பக்கம் ஒடித்தால்? ஒற்றைச் சத்தமா, தொடர் சத்தமா?

முதலில் வண்டியை நிறுத்தியபடியே ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்ல ஒடிக்கட்டும், இன்னொருவர் சக்கரத்தருகே காது கொடுக்கட்டும். வில் சிக்கிச் சிக்கி விடுபடுவது போல 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். காய்ந்த கதவுக்கீல் போல 'கிரீச்' என்றால் பால் ஜாயின்ட் வறண்டிருக்கலாம். சுருள்வில்லின் வளையங்களுக்கிடையே விரலை மட்டும் விடாதீர்கள்.

அடுத்து காலியான மைதானத்தில் முழுக்க ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடியுங்கள். 'டக் டக் டக்' என்று வந்து, வேகத்தோடு அதுவும் வேகமெடுத்தால் சி.வி. ஜாயின்ட். பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் குறை இருக்கும். இடப்பக்கம் ஒடித்தால் சத்தம் என்றால் வலப்பக்கத்தை முதலில் பாருங்கள். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வேகத்தடையில் குறுக்காக ஏறும்போது 'லொட லொட' என்றால் லிங்க் ராடு. வேகம் கூடக்கூட 'ஊம்ம்' என்று முனகி, வளைவில் அந்த முனகல் மாறினால் வீல் பேரிங். முழுக்க ஒடிக்கும்போது மட்டும் உரசினால், சக்கரவளைவின் பிளாஸ்டிக் உறை தளர்ந்து டயரில் படுகிறதா என்று பாருங்கள். ஒரு கிளிப்போடு முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே அவசரமில்லை. லிங்க் ராடு சில நாள் பொறுக்கும். பால் ஜாயின்ட் பொறுக்காது. அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள். ஸ்ட்ரட் மவுண்டை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அமுங்கிய வில்லுக்கு உயிரைப் பறிக்கும் விசை உண்டு, அதைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் உள்ள போல்ட்டை, வண்டி சக்கரத்தில் நின்று எடை இறங்கியபின்தான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், பழைய சத்தம் திரும்பி வரும். லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டோ மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அடையாற்றங்கரையில் இருக்கும் பொழிச்சலூரில் மழை நாளில் தெருத்தண்ணீரில் வண்டி விட வேண்டியிருக்கும். கிழிந்த ரப்பர் உறைக்குள் அந்தத் தண்ணீரின் சேறு புகுந்தால், கிரீஸ் இருந்த இடத்தில் மணல் அரைக்கும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் ஜாயின்டே போய்விடும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள், சக்கரங்களை முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து அந்தக் கறுப்பு ரப்பர் மடிப்புகளைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.