ஈரலைக் காக்கும் கை

நம் உள்ளுறுப்புகளுள் பெரியது கல்லீரல். வயிற்றின் வலப்பக்கத்தே, விலாவெலும்புகளின் காவலில் அஃது அமைந்துள்ளது. வளர்ந்தவர்க்கு அதன் எடை ஏறத்தாழ 1.5 கிலோகிராம். இதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறையக் காற்பங்கு அதனூடே பாய்கின்றது. ஆதலின், ஊர்தி மோதியோ உயரத்தினின்று வீழ்ந்தோ ஈரல் கிழியுமாயின், குருதி வயிற்றினுள்ளே பெருகி உயிருக்கே இறுதி விளைக்கும். ஈரலோ மிக மெல்லியது. பதற்றத்தோடு இறுக்கித் தைத்தால் நூலே அதனை அறுத்துவிடும்.

கரை உடைந்த வாய்க்காலைச் செப்பனிடுவோன் முதற்கண் யாது செய்கின்றான்? நீர் வரும் மதகை அடைக்கின்றான். இம்முறையை ஈரலுக்குப் பொருத்திக் காட்டியவர், கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். ஈரலுக்குக் குருதி கொணரும் தமனியும் வாயிற்சிரையும், பித்தநாளத்தோடு ஒரு மடிப்பினுள் செல்கின்றன. அம்மடிப்பை இரு விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தால் குருதிப்பெருக்கு அடங்கும் என அவர் 1908-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் அந்நூலுரையில் குறித்த நோயாளிகளுள் ஒருவரும் பிழைத்திலர். அவ்வுண்மையை அவர் மறைத்திலர், முயற்சியைக் கைவிட்டிலர். முயல்களிடத்து மேலும் ஆய்ந்து, தம் முறையை உலகுக்கு உரைத்தார். இன்று அம்முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எனினும், நெடுநேரம் அழுத்தினால் குருதியின்றி ஈரல் வாடும். ஆதலின் இடையிடையே தளர்த்துவர். அழுத்திய பின்னும் குருதி நில்லாதாயின், ஈரலின் பின்னுள்ள சிரைகள் கிழிந்திருக்கலாம் என ஐயுறுவர்.

குருதி மிக இழந்த உடல் குளிரும். அதில் அமிலம் மிகும். குருதி உறையும் ஆற்றல் குன்றும். இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்த்து உயிரைக் குடிக்கும். அந்நிலையில் நெடிய அறுவை தீங்காகும். ஆகவே, ஈரலைச் சுற்றித் தூய துணிகளைச் செறித்துக் குருதியை நிறுத்துவர். உடலுக்கு வெப்பமும் புதுக் குருதியும் ஊட்டுவர். ஓரிரு நாள் கழித்துத் துணிகளை அகற்றி, எஞ்சிய பணியை முடிப்பர்.

கத்தியை எடாதிருத்தலும் அறுவைக் கலையின் ஒரு பகுதியே. நாடியும் குருதியழுத்தமும் நிலைபெற்றிருப்பின், சி. டி. படத்தால் காயத்தை அளந்தறிந்து, நோயாளியை இமைபோற் காத்து வருவர். அத்தகையோருள் பெரும்பாலோர் அறுவையின்றியே நலம் பெறுகின்றனர். ஈரலுக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறன் உண்டு.

மாணவர்களே! செய்யவேண்டியதை விரைந்து செய்தலும், செய்யத்தகாத பொழுது பொறுத்திருத்தலும் ஆகிய இரண்டும் கற்றவனே நல்ல மருத்துவன். தோல்வியை மறையாது எழுதிய ஒருவரின் நேர்மை, பின்வந்த எண்ணற்றோரின் உயிரைக் காத்து வருகின்றது.