காரில் காயும் போர் தண்ணீர்

ஞாயிறு காலை பத்து மணி வெயிலில் காரை நிறுத்தி, போர் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிடுவது சென்னைத் தெருக்களில் வழக்கமான காட்சி. சற்று நேரத்தில் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள் பூத்துவிடும். கறுப்பு வண்டியில் அவை பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டியில் கண்ணுக்குத் தப்பினாலும் பாதிப்பு அதேதான்.

அந்த வட்டங்கள் அழுக்கல்ல, உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் ஆவியானதும் பெயின்டிலேயே தங்கிவிடுகின்றன. வாட்டர் ஹீட்டர் கம்பியில் ஏறும் வெள்ளைப் படிவமும் இதுவே. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம், கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கிறது. போரையும் லாரியையும் நம்பியிருக்கும் ஓஎம்ஆர் போன்ற பகுதிகளில் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டர் போதும். அது 1000 காட்டினால், 15 லிட்டர் வாளியில் 15 கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள்.

இங்கே பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமின்றிச் சேர்த்துவைத்துக் காரைக் கழுவுகிறார்கள். சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். மண்ணையும் சேற்றையும் முதலில் அடித்துவிட அதைப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீரோ, ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து வடிகட்டிய நீரோ சிறந்தது. இரண்டிலும் உப்பு மிகக் குறைவு. அதற்காகக் குடிநீரை வாரி இறைக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவத் தடைவிதித்து, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது.

நல்ல தண்ணீர் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது: காயவிடாமல் இருப்பது. வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், நிழலில், தொட்டால் பானெட் சூடில்லாதபோது கழுவ வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வரலாம். ஒரு பகுதிக்கு ஷாம்பூ போட்டதும் உடனே அலசிவிட வேண்டும். முடிவில் பைப்பின் நுனியிலிருந்து நாசிலைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓடவிட்டால் நீர் திவலையாக நிற்காமல் பரவி வழிந்துவிடும். மிச்ச ஈரத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கலாம். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீர் பிறகு வழிந்து கோடு போடும். கதவுகளைத் திறந்து மூடி, இன்னொரு முறை துடைப்பது அவசியம்.

கறை பிடித்துவிட்டால்? பாத்ரூம் ஆசிட்டை மட்டும் எடுக்கவே கூடாது. அது குரோமையும் இரும்பையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். வினிகரையும் பிளீச்சோடு கலக்கக் கூடாது. புதுக் கறைக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரே போதும். முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, நனைத்த துணியைக் கறைமேல் ஓரிரு நிமிடம் போட்டு, அழுத்தாமல் துடைத்து, நிறைய நீர்விட்டு அலசி, மறுபடி ஷாம்பூ போட வேண்டும். வாக்ஸ் பூச்சு இதில் கரைந்திருக்கும் என்பதால் புதிதாகப் பூசுவது நல்லது.

இதற்கும் போகாத வட்டம் சிலிக்கா படிவமாக இருக்கலாம், அல்லது உப்பு, பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை அரித்திருக்கலாம். அந்தப் பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. பாலிஷ் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைச் சுரண்டுகிறது. அடிக்கடி பாலிஷ் போடச் சொல்லும் கடைக்காரரிடம் மீதத் தடிமனை அளந்து காட்டச் சொல்லலாம்.

செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர்க் கறையே வராது என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அந்தப் பூச்சில் நீர் திவலை திவலையாகத் திரளும்; துடைக்காமல் விட்டால் திவலை நின்ற இடத்திலேயே உப்பு படியும். பணம் கட்டுமுன் வாக்குறுதியை எழுத்தில் வாங்கி, பில்லோடு வண்டியின் முன்-பின் படங்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னது நடக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. புதுக் கார் கறையோடு வந்தால் டெலிவரி தாளில் கையெழுத்திடுமுன் சரிசெய்யக் கேட்பதே எளிது.

அடுக்குமாடி பேஸ்மென்டில் நிற்கும் வண்டிகளுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. கான்கிரீட் விரிசல் வழியே கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. காய்ந்தால் பெயின்டைப் பதம் பார்த்துவிடும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் இத்தகைய கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கோரலாம். புகாரைத் தேதியோடும் படத்தோடும் எழுத்தில் தருவது முக்கியம். கசிவு நிற்கும்வரை அந்த இடத்துக்குக் கீழே ஒரு தகரத் தட்டு கட்டித்தரக் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்கலாம்.