சாதாரண தரம் எழுதியாச்சு, இனி என்ன தொழில்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு தோட்டத்து லயங்களில் ஒரு பேச்சு எழும். "கொழும்புல ஒரு கடைக்கு ஆள் கேக்குறாங்க, புள்ளய அனுப்புறீங்களா?" என்று யாராவது வருவார்கள். சாப்பாடும் தங்குமிடமும் கடையிலேயே, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையும் சொல்வார்கள். கடைப் பாக்கியை நினைத்துக்கொண்டு சம்பள நாளைப் பார்த்திருக்கும் பெற்றோருக்கு அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். அனுப்பவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை பஸ் ஏறும் முன் கேட்கவேண்டியதைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

முதலாவது வயது. நம் நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது முன்பு 14 ஆக இருந்தது. 2021 ஆம் ஆண்டு அது 16 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த பிள்ளையைக் கூப்பிடுகிறவர் சட்டத்தை மீறித்தான் கூப்பிடுகிறார், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

இரண்டாவது, நியமனக் கடிதம். கடை, அலுவலக ஊழியர்களுக்கென 1954 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது அதில் உள்ள அளவு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு மூடும்வரை நிற்கிற நம் பையன்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியும் 12 வீதம் முதலாளியும் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியே 3 வீதம் போடவேண்டும். கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இது பொருந்தும். "ஈ.பி.எஃப். எல்லாம் தோட்டத்துக்கும் பெரிய கம்பெனிக்குந்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொழில் பழகுதல்

கடையில் ஐந்து வருடம் நின்ற பிள்ளை திரும்பி வரும்போது கையில் என்ன கொண்டு வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பொருள் எடுத்துக் கொடுக்கத் தெரியும், கொஞ்சம் சிங்களம் பேசத் தெரியும். இரண்டும் நல்லதுதான். ஆனால் அடுத்த முதலாளியிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இராது. இந்த இடத்தில்தான் பயிலுனர் பயிற்சி வேறுபடுகிறது.

1971 ஆம் ஆண்டின் சட்டத்தோடு தொடங்கிய பயிலுனர் முறை இன்று தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் கையில் இருக்கிறது. 'நைற்றா' என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். பயிலுனர் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து படிப்பவர் அல்லர். ஒரு கராஜிலோ, ஹோட்டலிலோ, தொழிற்சாலையிலோ வேலை செய்துகொண்டே பழகுபவர். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கும். பழகும் காலம் சில தொழிலுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு மூன்று வருடம் வரைகூடப் போகும். அந்தக் காலத்தில் கிடைப்பது கொடுப்பனவு மட்டுமே, சம்பளம் அல்ல. கொழும்புக் கடையில் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது குறைவாகத்தான் தெரியும். வீட்டில் இழுபறி வருவதும் இந்த இடத்தில்தான். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு ஆகியவற்றைக் கணக்குப் போட்டு, அத்தனை மாதம் வீடு தாங்குமா என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் பிள்ளை பாதியில் விட்டுவிட்டு வராது.

முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. இதில் ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையும் தொழில் வழியாக மேலே ஏற ஒரு படிக்கட்டு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் இந்தச் சான்றிதழுக்கான வகுப்புகள் நடக்கின்றன. சேருமுன் ஒரு கேள்வி கட்டாயம்: "தமிழ்ல படிப்பிக்கிறீங்களா?" மலைநாட்டிலும் பல வகுப்புகள் சிங்களத்தில் மட்டுமே நடக்கின்றன. காசு கட்டிய பிறகு தெரிந்தால் பயனில்லை. தனியார் வகுப்பென்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமா என்றும் கேளுங்கள். சுவரில் தொங்கும் அழகான சான்றிதழ் எல்லாம் என்.வி.கியூ. ஆகிவிடாது.

அப்பாமார் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பத்து, பதினைந்து வருடமாக மேசன் பாஸாக, வயரிங் வேலைக்காரராக, தையற்காரியாக இருப்பவர்கள் மீண்டும் வகுப்புக்குப் போகவேண்டியதில்லை. செய்யத் தெரிந்ததைச் செய்துகாட்டி, மதிப்பீட்டில் தேறி அதே சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் காகிதம் கூலியாள் சம்பளத்துக்கும் தொழில் தெரிந்தவர் சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசமாகவே அமையலாம்.

சொந்தத் தொழில் என்றால்

அடுத்தது, "நாமளே ஒரு சின்ன வியாபாரம் போட்டா என்ன?" என்ற பேச்சு. தையல், கோழி, காளான், ரொட்டி வடை என்று நம் தோட்டங்களில் நடக்கும் தொழில்கள் பல. இதில் சாமர்த்தியத்தைவிடக் கணக்கு முக்கியம் என்பது எமது எண்ணம். ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காகத்தான்.

ஓர் அம்மா நாளொன்றுக்கு 1,500 ரூபாவுக்கு ரொட்டியும் வடையும் விற்கிறார். மா, எண்ணெய், அடுப்புச் செலவு 1,050 ரூபா. நாளுக்கு 450 ரூபா இலாபம், 25 நாளுக்கு 11,250 ரூபா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் யார் கையில் காசு வைத்துக்கொண்டு வாங்குகிறார்கள்? "சம்பளத்துக்குத் தாறேன் அக்கா" என்றுதான் கேட்பார்கள். 1,500 இல் 1,000 ரூபா கொப்பியில் போகிறது, 500 மட்டுமே கைக்கு வருகிறது. 25 நாளில் கைக்கு வந்தது 12,500, பொருளுக்குப் போனது 26,250. இலாபமான வியாபாரம்தான், ஆனாலும் சம்பள நாளுக்கு முதல் நாள் அந்த அம்மாவின் கையில் 13,750 ரூபா குறைகிறது. அந்தக் காசு அவரிடம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன். கொப்பியில் உள்ள 25,000 இல் பாதி மட்டும் வந்தால் 12,500. போட்ட காசுகூட முழுதாகத் திரும்பாது. நம் தோட்டங்களில் பல சின்னக் கடைகள் மூடியது விற்பனை இல்லாததால் அல்ல, விற்றது எல்லாம் கொப்பியில் இருந்ததால்தான். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் கடன் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. சொந்தக்காரருக்கும் அதே அளவுதான். (அதுதான் கஷ்டம், தெரியும்.)

இன்னொன்று. அந்த 450 ரூபா தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. வேலையை முற்றாக விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினால் பேரும் போகும், சேமலாப நிதியில் முதலாளி போடும் பங்கும் நின்றுவிடும். ஐந்து வருடச் சேவை நிறையுமுன் விட்டால் சேவைக்காலப் பணமும் கிடைக்காது. வேலை விட்டு வந்த பிறகு, அல்லது ஓய்வு பெற்றவர் ஒருவர் செய்வதாக ஆரம்பிப்பதே பத்திரம்.

என்ன பொருளில் செய்கிறோம் என்பதும் முக்கியம். நாம் இருப்பது தீவு. கோதுமை, எரிவாயு, துணி என்று எத்தனையோ கப்பலில்தான் வருகின்றன. 2022 ஆம் ஆண்டு சில மாதங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, கோதுமை மாவை நம்பி அடுப்பு மூட்டியவர்கள்தான் முதலில் தடுமாறினார்கள். மரக்கறி, பால், முட்டை விற்றவர்களுக்கும் தீவன விலையும் உரவிலையும் அடித்தன. ஆனாலும் மூலப்பொருளில் ஒரு பகுதியாவது பக்கத்தில் கிடைக்கும் தொழிலுக்குத் தாங்கும் சக்தி அதிகம்.

கடனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. லயத்து வீட்டுக்கு உறுதி இல்லாததால் வங்கியில் பிணை வைக்க ஒன்றுமில்லை. அதனால் வாசலுக்கே வரும் கடன் கம்பெனியிடம் போகிறோம். "50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம்" என்பார்கள். வட்டி 12,000, மொத்தம் 62,000, அதை 52 வாரமாகப் பிரித்தால் வாரம் ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் அரை வருடத்தில் கடனில் பாதியைக் கட்டி முடித்திருப்போம். அப்போதும் வட்டி முழு 50,000 ரூபாவுக்கே போகிறது. குறையும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது 40 வீதத்துக்கும் மேல். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "வட்டி முழுத்தொகைக்கா, மீதிக்கா?" என்பதுதான். 2018 ஆம் ஆண்டு, வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தீர்க்கவேண்டி வந்தது. அவ்வளவுக்கு அது கழுத்தை நெரித்தது. குழுவாகப் பிணை நிற்கும் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அதோடு லயத்தில் பேச்சுவார்த்தையும் நின்றுபோகும்.

தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். தோட்டக் காணியில் கொட்டகை போடுவதாக இருந்தால் முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். இங்கேயும் பயிற்சிக்குச் சேரும்போதும் ஒரே சிக்கல்தான் எழும்பும்: பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்றோலில் இன்னொரு பெயர். அவசரம் வருமுன், இந்த மாதமே மூன்றையும் எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அத்தாட்சிப் பத்திரத்தோடு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். செக்றோல் பெயரை மாற்றத் தோட்டக் காரியாலயத்திலும் எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.