சிப் வருமுன்பே சோதனை

சீஸன் முடிந்த பின் வந்து சேரும் சரக்கின் கதி என்னவென்று வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினித் தொழிலிலும் இதே தலையிடி உண்டு. ஒரு புதிய சிப்பை வடிவமைத்து வெளியே கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும். சிப் கைக்கு வந்த பிறகுதான் அதற்கு மென்பொருள் எழுதுவதென்றால், எழுதி முடியும்வரை போட்ட முதல் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் 'சிமியுலேட்டர்'. இன்னும் தயாராகாத சிப், ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்யுமோ அதையே பழைய கணினியொன்றில் செய்துகாட்டும் மென்பொருள் இது. வேகம் மிகக் குறைவு. ஆனால் பிழை வந்த இடத்தில் நிறுத்தி, காரணத்தைத் தேடலாம்.

1975இல் போல் அலனும் பில் கேட்ஸும் செய்தது இதற்கு நெருங்கிய வேலை. 'அல்டெயர்' கணினிக்கு பேஸிக் மொழியை எழுத முன்வந்தபோது அவர்களிடம் அந்தக் கணினி இருக்கவில்லை. ஹாவர்ட் பல்கலைக்கழகக் கணினியில் இன்டெல் 8080 சிப்பைப் போல இயங்கும் மென்பொருளை அலன் எழுதினார். அதில் சோதித்த பேஸிக், பின்னர் நிஜ அல்டெயரிலும் ஓடியது. மைக்ரோசொப்ட்டின் தொடக்கம் அதுதான்.

ஏ.எம்.டி. நிறுவனம் தனது 64-பிட் வடிவமைப்பை 1999இல் அறிவித்தது. ஒப்டெரொன் சிப் விற்பனைக்கு வந்தது 2003 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலத்தில் யாரும் கைகட்டி நிற்கவில்லை. சிப் பிறக்குமுன்பே லினக்ஸை சிமியுலேட்டரில் ஓட்டிப் பார்த்துத் திருத்தினார்கள். சரக்கு இறங்கும்போது வாடிக்கையாளர் தயாராக இருந்தார். 2004இல் போட்டியாளரான இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது.

சோதனையில் தப்பிய பிழை என்ன விலை கேட்கும் என்பதும் இன்டெல்லுக்குத் தெரியும். 1994இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் கணக்கில் குறை வெளிப்பட்டது. சிப்பினுள் இருந்த அட்டவணையொன்றில் சில பெறுமதிகள் விடுபட்டதே காரணம். சிலிக்கனில் பதிந்ததை அழித்தெழுத முடியாது. மாற்றிக் கொடுக்கும் செலவுக்கென 475 மில்லியன் டொலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

எமது கடைகளுக்கும் இதில் பாடமுண்டு. புதிய பில்லிங் மென்பொருள் வாங்கினால், மறுநாளே பழைய கணக்குப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கடந்த மாதக் கொடுக்கல் வாங்கலை அதில் பதிந்து பாருங்கள். கடன், தள்ளுபடி, திரும்பிய சரக்கு என்று சிக்கலானவற்றையும் விடாதீர்கள். இரண்டு விடைகளும் ஒத்துவந்த பிறகே மாறுங்கள். வாடிக்கையாளர் முன்னால் பிழை தெரிவதைவிட, தனியே உட்கார்ந்து பிடிப்பது மலிவு.