மைதானம் மாநிலத்துக்கு, ரயில் மத்திக்கு, ரசிகன் யாருக்கு?

புது தில்லி: தலைநகரை ஒட்டிய குர்கானில் 2011 அக்டோபர் 28-ம் தேதி அமெரிக்க ராக் இசைக் குழுவான மெட்டாலிகாவின் நிகழ்ச்சி நடைபெறுவதாக இருந்தது. தடுப்பு வேலியின் பாதுகாப்புக் குறைபாட்டால் அது நின்றுபோனது. ஆத்திரமடைந்த ரசிகர்கள் மேடையேறிக் கருவிகளை உடைத்தனர். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு பல்லாயிரம் பேர் முன்னிலையில் வாசித்தது.

2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன் ஆகிய குழுக்களையும் வரவேற்ற மைதானம் அது. அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்தில் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைக்கப்பட்ட அந்தத் தமிழ்த் தொழிலாளர் நகருக்கு மேற்கத்திய இசை புதிதல்ல. ஆனால் 2001 பிப்ரவரி 28-ல் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்கான வழி மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் ரயில்தான். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலில் ஏறுகின்றனர்.

அத்தகைய ரசிகன் ஒருவனின் ஞாயிறு இரவை எண்ணிப் பாருங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதற்குள் வேலை முடித்துத் திரும்புவோருக்கான மாலை ரயில்கள் போய்விட்டிருக்கும். சென்னை மார்க்க ரயில் ஒன்றைப் பிடித்தாலும் பங்காருப்பேட்டையில் இறங்க வேண்டும். நள்ளிரவில் அங்கிருந்து தங்கவயலுக்கு என்ன வழி? இல்லையேல் ரயில் நிலையத்திலேயே விடிய வேண்டும். திங்கள்கிழமை காலை வேலை காத்திருக்கும்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை இந்த இரவைப் பங்கு போட்டுள்ளது. ரயில் மத்தியப் பட்டியலில் வருகிறது. காவல், பொது ஒழுங்கு, கேளிக்கை நிகழ்ச்சிகள் ஆகியவை மாநிலப் பட்டியலில் வருகின்றன. ரயில் வேண்டுமென்றால் கோலார் எம்.பி. மக்களவையில் கேட்க வேண்டும். கூட்டப் பாதுகாப்பு பற்றிச் சட்டப்பேரவையில் எம்.எல்.ஏ. கேட்க வேண்டும். இரண்டையும் இணைத்துக் கேட்கும் மன்றம் எது?

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்னை அல்ல. 2025 ஜூன் 4-ம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றி விழாவைக் காண வந்த 11 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். அதையடுத்துக் கர்நாடக அரசு கூட்டக் கட்டுப்பாட்டு மசோதாவைக் கொண்டு வந்தது. அமைப்பாளர்களின் பொறுப்பை வரையறுப்பது அவசியமே. எனினும், வாயிலுக்குள் நுழைவதைப் போலவே, வீடு திரும்புவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. பெருநிகழ்ச்சிக்கு அனுமதி வழங்கும்போதே ரயில்வேயுடன் கலந்து பேசிச் சிறப்பு ரயில் ஏற்பாடு செய்ய எந்தப் பட்டியலும் தடையில்லை.

மேடை விளக்குகள் அணைவதோடு ரசிகனின் இரவு முடிவதில்லை. தங்கவயலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் முடிகிறது.